வெள்ளை மேல் வெள்ளி

தம்பி மனைவி: அந்தச் சாவிக்கொத்தக் கொஞ்சம் நகர்த்துங்க மாமா. பெட்டிய வைக்கணும்.

மூத்தவர்: பூட்டுக் கடையில என்னம்மா செருப்புப் பெட்டி?

தம்பி மனைவி: செருப்பு இல்ல. திறந்து பாருங்க.

மூத்தவர்: ... எங்க குதிரைப்படையா இது?

தம்பி மனைவி: ஆமா. நீங்களும் உங்க தம்பியும் மேசையில நிறுத்திச் சண்டை விளையாடுன அதே பொம்மைங்கதான்.

மூத்தவர்: அடப்பாவமே... கவசமா இது? உருகுன மெழுகுவத்தி மாதிரி வழியுது! ஆளே கட்டைவிரல் உயரம்தான். அவன் கவசச் சட்டையில ஒவ்வொரு இரும்பு வளையமும் தனியாத் தெரியணும். பெயிண்ட அப்பி மொத்தத்தையும் அடைச்சு வச்சிருக்க.

தம்பி மனைவி: நீங்க சொன்னபடிதான் அடிச்சேன்.

மூத்தவர்: நானா?

தம்பி மனைவி: போன்ல கேட்டேனே. வெள்ளிப் பெயிண்ட எப்படி அடிக்கிறதுன்னு. "அடியில வெள்ளை பிரைமர் போடு, அதுக்கு மேல கெட்டியா ஒரே கோட்"ன்னீங்க.

மூத்தவர்: கடையில ஒரே சத்தம்... உன் காதுல தப்பா விழுந்திருக்கும்.

தம்பி மனைவி: ரெண்டு தடவ கேட்டேன் மாமா. ரெண்டு தடவையும் வெள்ளைன்னுதான் சொன்னீங்க.

மூத்தவர்: சரி விடு. எல்லாத்தையும் கழுவி எடுத்துடலாம். கருப்பு பிரைமர் போட்டு, வெள்ளிய நீர்க்கக் கலக்கி, ஒரு கோட் காயவிட்டு அடுத்த கோட். பாட்டில நல்லா குலுக்கணும். மினுக்குத் தூள் அடியில போய்ப் படுத்துக்கும்.

தம்பி மனைவி: இப்ப மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

மூத்தவர்: கிண்டலா?

தம்பி மனைவி: கேள்விதான்.

மூத்தவர்: நான் ஒண்ணு கேக்கவா? வெள்ளி அடிக்கிற வேலைய உன்கிட்ட யார் கொடுத்தா?

தம்பி மனைவி: அவர்தான்.

மூத்தவர்: அதான! படை வாங்குன காலத்துலேருந்து வெள்ளி என்னோடது, மத்த வண்ணம் அவனோடது. பேச்சே கிடையாது. நீ வந்ததும் தூக்கி உங்கிட்ட கொடுத்துட்டான், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா?

தம்பி மனைவி: நீங்கதான் வீட்டுப் பக்கமே வர்றதில்லையே.

மூத்தவர்: எங்க வர? என் ஜன்னலோர நாற்காலியில யாரு உக்காந்திருக்கா இப்ப?

தம்பி மனைவி: நான்தான்.

மூத்தவர்: ம்.

தம்பி மனைவி: அது ஆடுது மாமா.

மூத்தவர்: ஆடும். நான் இடது பக்கம் சாஞ்சுதான் உக்காருவேன். உனக்கெங்க தெரியப் போகுது... சரிம்மா. மறைச்சு என்ன ஆகப் போகுது? வேணும்னுதான் தப்பாச் சொன்னேன். போதுமா? உன் கையில வெள்ளி நல்லா வந்துட்டா அப்புறம் நான் எதுக்குன்னு இருந்துச்சு. வயித்தெரிச்சல். அவன்கிட்ட சொல்லிக்கோ, போ.

தம்பி மனைவி: நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும்.

மூத்தவர்: என்ன தெரியும்?

தம்பி மனைவி: வெள்ளை மேல வெள்ளி நிக்காது, வெளிறிப் போகும்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் வெள்ளி அடிச்சவதான் மாமா. அவரு என்னப் பாத்ததே பொம்மைக்கு வண்ணம் அடிக்கிற ஒரு போட்டியில, என் வில்வீரர்களக் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தப்பதான்.

மூத்தவர்: அப்புறம் என்னத்துக்கு எங்கிட்ட கேட்ட?

தம்பி மனைவி: மிச்சத்துக்கு உங்களக் கேக்கச் சொன்னதே அவர்தான். மொத குதிரைய நான் என் இஷ்டத்துக்கு அடிச்சேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஆசையா நீட்டுனேன். என்ன சொன்னார் தெரியுமா?

மூத்தவர்: என்ன சொன்னான்?

தம்பி மனைவி: "அட, அண்ணன் அடிச்ச மாதிரியே இருக்கே"ன்னார். சிரிக்காதீங்க.

மூத்தவர்: சிரிக்கலம்மா.

தம்பி மனைவி: சிரிக்கிறீங்க. காலையில எழுந்தா அண்ணன் வெள்ளி, சாப்பிடும்போது அண்ணன் வெள்ளி. எனக்குப் பத்திக்கிட்டு வராதா? நீங்க போன்ல தப்பாச் சொன்னதும் மனசுக்குள்ள ஒரே குஷி. வேணும்னே அப்படியே அடிச்சேன். "பாருங்க, உங்கண்ணன் சொல்லிக் கொடுத்த லட்சணத்த"ன்னு முன்னால கொண்டு போய் வைக்கலாம்னு.

மூத்தவர்: வச்சியா?

தம்பி மனைவி: வச்சேன்.

மூத்தவர்: என் மேல கோவப்பட்டானா?

தம்பி மனைவி: பட்டிருந்தா நான் ஏன் இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வர்றேன்? ரொம்ப நேரம் அந்தக் குதிரையவே பாத்துக்கிட்டிருந்தார். கண்ணு கலங்கிடுச்சு. "அண்ணனுக்கு இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் தப்பா வராது. தப்பாச் சொல்லியிருக்குன்னா எவ்வளவு ஏங்கிப் போயிருக்கும்"ன்னார். உங்கள ஜெயிக்க முடியல மாமா. கடையப் பூட்டுங்க, வீட்டுக்குப் போவோம். அவர் எதிர்த்த பஸ் ஸ்டாப்புல நிக்கிறார், உள்ள வர வெக்கப்பட்டுக்கிட்டு.