ஆளில்லாத படம்

அருவியை வெயிலில் படம் பிடிப்பது வீண் வேலை. மழை விட்டு, வானம் மூடியிருக்கும்போது பிடிக்க வேண்டும். கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அருவி இருக்கும் தண்ணீர்மலைத் தோட்டத்தில் கேமரா முக்காலியை ஊன்றி நிற்கும் அந்த நேரம் தந்த நிம்மதியை வேறெதுவும் தந்ததில்லை. பாறை, மரம், தண்ணீர். மனிதர்களை நான் படத்தில் சேர்ப்பதில்லை. பினாங்குத் தெரு முழுக்க வெற்றிலை எச்சிலும் வியர்வை நாற்றமுமாக அவர்கள்தான் இருக்கிறார்கள். படத்திலுமா?

மர நிழலில் கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர்கள் கண்ணாடித் தகட்டில் பதிய மாட்டார்கள். அசையாமல் நிற்பதுதான் பதியும். இதை எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் மகள் சவுந்தரத்துக்குத் தைப்பிங்கில் மாப்பிள்ளை. மாதா கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று சுவாமியார் கேட்பது மூன்றாவது ஞாயிறோடு முடியும். அந்த வாரம் எங்கள் கோவில்காரர் பெஞ்சமின் வீட்டுக்கு வந்து, கூடத்தில் நான் புதிதாக மாட்டிய படத்தை மூக்கு உரசப் பார்த்தார்.

"அண்ணே, அருவி ஜோர்லா! ஆமா, மூங்கில் ஓரமா நிக்கிறது நம்ம சவுந்தரமா? பக்கத்துல யாரு, தைப்பிங் மாப்பிள்ளையா? முண்டாசெல்லாம் கட்டியிருக்காரே!"

நான் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

"சும்மா சொன்னேன்லா, அண்ணே. கோவிச்சுக்காதீங்க."

அவர் போனதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஈ எச்சம் அளவில் இரண்டு உருவங்கள். ஒன்று, சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போயிருந்த என் மகள். மற்றது தோட்டக் கூலி நல்லமுத்து. பாதையில் போன மற்றவர்கள் எல்லாம் புகையாகக் கரைந்திருக்க, இவர்கள் இருவர் மட்டும் துல்லியமாக நின்றார்கள்.

அவளைக் கேட்டேன்.

"நீங்க படம் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்கப்பா. ஆடினா படம் கெட்டுடும்னு நீங்கதானே சொல்வீங்க. அதான் நின்னுட்டேன்."

"அவன்?"

"சருகு கூட்ட வந்தான். அவனையும் ஆடாதேன்னு சொன்னேன்."

எங்கள் வீட்டில் குரல் உயர்த்திப் பேசும் வழக்கம் இல்லை. உள்ளே போகச் சொன்னேன். கண்ணைக் கூடத் தாழ்த்தாமல் பொய் சொல்லும் அந்த முகத்தின் மேல் எனக்கு வந்தது கோபமல்ல, அருவருப்பு. அவள் தொட்ட தம்ளரில் அதன் பிறகு நான் தண்ணீர் குடிக்கவில்லை. பெஞ்சமின் வாய் ஞாயிறு வரை தாங்காது. சுவாமியார் ஓலை வாசிக்கையில் கோவிலில் ஒருவன் எழுந்து ஒரு கூலியின் பெயரைச் சொல்வான். என் தகப்பனார் கட்டிக் காத்த பெயர் அதோடு முடிந்தது.

சனிக்கிழமை, "கல்யாணத்துக்கு முன்னால உன்னை ஒரு படம் பிடிக்கிறேன்" என்றேன். சின்ன வயதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது. ரோஜா நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அருவிக்கு மேலே, பாறையில் நிற்க வைத்தேன்.

"போதுமாப்பா?"

"இன்னும் கொஞ்சம் பின்னால."

"வழுக்குதுப்பா."

"நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே. பின்னால போ."

கறுப்புத் துணிக்குள், கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதனால் அவள் விழுந்தபோது மேலே போனது போல இருந்தது. சத்தமும் பெரிதாக இல்லை, தண்ணீர் இரைச்சல். வெளிச்சம் நன்றாக இருந்ததால் தகட்டைச் செருகி அந்தப் படத்தை எடுத்தேன். ஈரப் பாறை, அதற்கு அப்பால் மூடுபனி. ஒரு கறை இல்லை. நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான்.

நான் அவளைத் தொடவில்லை. ஆனால் பாறை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும். கொன்றது நான்தான் என்றே எழுதுங்கள். கால் வழுக்கி விழுந்தாள் என்று எழுதி எனக்குச் சலுகை காட்ட வேண்டாம்.

நேற்று நல்லமுத்து உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "ஐயா படம் புடிக்கிறாரு, ஆடாதேன்னு அக்கா சொன்னாங்க. நின்னேன்." படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். எதை எதிர்பார்த்தீர்களோ தெரியவில்லை. அவள் சொன்னதற்கும் அவன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை கூட வித்தியாசம் இல்லை. இருவரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?