மழைக்காகக் காத்திருந்த வழக்கு

அன்றைக்கு நீதிமன்றத்தில் எங்களையெல்லாம் அதட்டி, இன்றைக்கு இந்த அவைக்குத் தலைமை தாங்கி எங்களைப் பார்த்துப் புன்னகைக்கிற ஓய்வுபெற்ற நீதிபதி சுந்தராம்பாள் அம்மையார் அவர்களே! அரியலூரிலும் பெரம்பலூரிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காதை மட்டும் கொண்டு வந்திருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! தா.பழூரிலிருந்து வேன் ஏறி வந்து, முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! விழாவின் நாயகி, வழக்கறிஞர் சிந்தாமணி அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கையில் மைக் கொடுக்கப்படாத காரணத்தால் தவித்துக்கொண்டிருக்கும் தலைவர் முத்தமிழ்செல்வன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் அரங்கநாதனின் அன்பு கலந்த வணக்கம்.

சிந்தாமணி அம்மையாரைப் பாராட்ட இந்த அவையிலேயே என்னைவிடத் தகுதியானவர் எவருமில்லை. ஏன் தெரியுமா? அவரிடம் என் அளவுக்குத் தோற்றவர் எவருமில்லை! கைதட்டுங்கள், கைதட்டுங்கள். எனக்குப் பழகிவிட்டது.

என்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. அரங்கநாதன் கோர்ட்டில் உட்கார்ந்தே கனவு காண்பான் என்பார்கள். உண்மைதான். எதிர்த்தரப்பு வாதம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வேப்பிலை அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் கண்ணை மூடிக் கேளுங்கள். தூங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

குரும்பலூரில் சின்ன வெங்காயம் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர் இவர். திருச்சியில் சட்டம் படித்தார். அரியலூருக்கு வந்தார். அன்றைய அரியலூர் எப்படி இருந்தது? சிமெண்டு லாரி போன சாலையில் எல்லாமே வெள்ளை. புளியமரம் வெள்ளை, பெட்டிக்கடை வெள்ளை, கட்டியிருந்த மாடு வெள்ளை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடந்து வருவதற்குள் இவருடைய கறுப்புக் கோட்டும் வெள்ளை! மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வந்த பெண்ணைப் போல் வந்து நின்றார். நாங்கள் என்ன செய்தோம்? உட்கார நாற்காலி கொடுத்தோமா? வழக்குதான் கொடுத்தோமா? ஒன்றும் இல்லை. அந்த அம்மையார் சுவரில் சாய்ந்து நின்றபடியே சட்டம் பேசிப் பெயர் வாங்கினார்.

அவர் வாங்கிய முதல் ஜாமீன் யாருக்கு? இதோ, தவிக்கிறாரே, இவருக்குத்தான்! சாலை மறியலில் கைதாகி, மாலை போட்ட கழுத்தோடு வந்து கூண்டில் நின்றார் இளைஞர் முத்தமிழ்செல்வன். "உங்க பேர் என்ன?" என்று நீதிபதி கேட்டார். நம் தலைவர் தொண்டையைச் செருமினார். "தாய்த்தமிழ் மண்ணின் தன்மானம் காக்க..." என்று தொடங்கினார். பக்கத்திலிருந்து வக்கீல் அம்மையாரின் குரல் வந்தது. "பேர மட்டும் சொல்லுங்க." மேடையில் இரண்டு மணி நேரம் இடி இடித்த வாய், அந்த ஒரு வரியில் மூடியது. ஜாமீனும் கிடைத்தது. மறு வருஷமே இருவருக்கும் கல்யாணமும் நடந்தது.

தலைவர் வளர்ந்தார். வீடு வளர்ந்தது. வாசலில் கூட்டம் வளர்ந்தது. சிந்தாமணி அம்மையாருக்கு ஒரு புதுப் பெயரும் வந்து சேர்ந்தது. கட்சித் தொண்டர்கள் தலைவரை அண்ணன் என்பார்கள். அப்படியானால் தலைவர் மனைவி யார்? அண்ணி! அறுபது வயது ஒன்றியச் செயலாளருக்கும் அவர் அண்ணி, அந்தச் செயலாளரின் பேரனுக்கும் அவர் அண்ணி. வயது கேட்காத உறவு, வாசல் கேட்காத உறவு. ஆனால் இந்த அம்மையார் வாசல் கேட்டார். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்தார். தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் முன்வாசல். வக்கீலைப் பார்க்க வருகிறவர்கள் பக்கவாசல். முன்வாசலில் வந்து அண்ணி என்று கூப்பிட்டவருக்குக் காபி கிடைக்கும். பக்கவாசலில் அண்ணி என்று கூப்பிட்டால், "வக்கீல்னு சொல்லுங்க" என்று திருத்தம் கிடைக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் தா.பழூர் பக்கத்திலிருந்து பூங்காவனம் வந்தார். இங்கேதான் இருக்கிறார். எழுந்து நில்லுங்கம்மா, வெட்கப்படாதீங்க! ஏரியிலிருந்து இவர்கள் ஊர் வயலுக்கு வரும் வாய்க்காலின் மேல் ஒரு கல்யாண மண்டபம் எழுந்துவிட்டது. ஒரு பக்கம் நாதஸ்வரம் முழங்குகிறது, மறு பக்கம் நாற்று காய்கிறது. கட்டியவர் யார்? தலைவரின் வலதுகை, ஒன்றியச் செயலாளர் ராசாங்கம். திறந்து வைத்தவர் யார்? கல்வெட்டிலேயே பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது, முத்தமிழ்செல்வன்! கீழே வாய்க்கால் இருந்தது அவருக்குத் தெரியாது. ரிப்பன் வெட்டுகிறவர் யார் குனிந்து மண்ணைப் பார்க்கிறார்?

பூங்காவனம் முதலில் முன்வாசலுக்குத்தான் போனார். "பாக்கறேம்மா" என்றார் தலைவர். மழைக்காலம் ஒன்று போனது. மறுபடியும் போனார். "பாக்கறேம்மா." மூன்றாம் முறை வந்தவர் முன்வாசலில் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாசலுக்குப் போனார். வழக்கு பதிவானது. எதிர்த்தரப்பு ராசாங்கத்துக்கு வக்கீல் யார்? அடியேன்!

அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவருக்குச் சீட்டு உறுதி என்று ஊரே பேசியது. இந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. தலைவரே, சொல்லலாமா? தலையாட்டுகிறார். சொல்லிவிடுகிறேன். காலைச் சாப்பாட்டு நேரம், இட்லி தட்டில் இருக்கிறது. தலைவர் மெல்லச் சொன்னார்.

"சிந்தா, கேஸ வாபஸ் வாங்கச் சொல்றாங்க. இல்லன்னா சீட்டு கெடையாதாம்."

அம்மையார் கேட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் எதுவும் சொல்லல. அவங்க சொன்னத சொன்னேன்."

"அந்தம்மாவுக்கு நீங்க பாக்கறேன்னீங்க. நான் பாத்துட்டேன். இனிமே பாக்கலன்னு நான் எப்படிங்க சொல்றது?"

அம்மையார் இன்னும் ஓர் இட்லி வைத்தார். அந்த வீட்டில் அன்று அதற்குமேல் பேச்சே இல்லை. பேச்சையே தொழிலாகக் கொண்ட இரண்டு பேர், பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இருபது வருஷம் வெயிலில் திரிந்து ஒரு மனிதர் சேர்த்த கனவு அது. அதைக் கேட்டது பகைவனா? அவர் தட்டில் இட்லி வைத்த கை!

விசாரணை நாள் வந்தது. இதோ தலைமை வகிக்கிறாரே, இதே சுந்தராம்பாள் அம்மையார்தான் நீதிபதி. ராசாங்கத்தைப் படித்துப் படித்துத் தயார் செய்திருந்தேன். "அங்கே வாய்க்காலே இல்லை, அது மேட்டு நிலம்" என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் பாடம். கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணைக்குச் சிந்தாமணி அம்மையார் எழுந்தார். எழுந்தாரோ இல்லையோ, ராசாங்கத்தின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினார். இரண்டு கையும் குவிந்தது.

"வணக்கம் அண்ணி!"

கோர்ட்டே குலுங்கியது. நீதிபதி அம்மையார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முதல் கேள்வி வந்தது. "மழைக்காலத்துல அந்த எடத்துல தண்ணி வருமா, வராதா?" என் பாடம் எங்கே போனது? ராசாங்கம் தலையைச் சொறிகிறார். "உங்ககிட்ட எப்படி அண்ணி நான் பொய் சொல்லுவேன்? நெசத்த சொன்னா..."

அடுத்த சொல்லில் நான் தோற்றேன்! அடுத்த சொல்லில் அவர் ஜெயித்தார்! ஆனால் அந்த அடுத்த சொல் வரவில்லை. சிந்தாமணி அம்மையார் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சி வக்கீலுக்குப் பதில் சொல்லவில்லை. என் கணவர் வீட்டுக்குப் பதில் சொல்கிறார். இந்தப் பதில் எனக்கு வேண்டாம். மழை பெய்கிற நாளில் இடத்தை நேரில் பார்க்க ஒரு கமிஷனரை நியமிக்கக் கோரி மனு கொடுக்கிறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டாரின் கண்ணாக நேரில் போய்ப் பார்த்துவரும் வழக்கறிஞரைத்தான் கமிஷனர் என்கிறோம். நீதிபதி அனுமதித்தார்.

என்னம்மா? கையில் வந்த வெற்றியை விடலாமா என்கிறீர்களா? உங்களைப் போலத்தான் பூங்காவனமும் வராந்தாவில் கேட்டார். கேட்டாரா? கத்தினார்!

"அவரே சொல்ல வந்தாரேம்மா! ஏன் தடுத்தீங்க? என் பயிரு காயுது, உங்களுக்கு நாயம் பேசணுமா?"

"அக்கா, இன்னிக்கு அண்ணிக்காக நெசத்த சொன்னவரு, நாளைக்கு அண்ணனுக்காக மாத்திச் சொல்லிருவாரு. அப்புறம் உங்க வாய்க்காலு எங்க வூட்டுத் தயவுல ஓடும். மாறாத ஆளா ஒருத்தர கூட்டியாறேன். பொறுத்துக்குங்க."

யார் அந்த ஆள்? ஐப்பசியில் வந்தார்! ஊரெல்லாம் கறுத்து, பனைமரமெல்லாம் தலையை ஆட்டி வரவேற்க, வானத்திலிருந்து வந்தார்! மழை, அன்பர்களே, மழை!

கமிஷனராக வந்த பெண் வக்கீல் ஒரு குடையில், நான் ஒரு குடையில், மண்டபத்தின் பின்பக்கம் நிற்கிறோம். ஏரி நிரம்பி வழிகிறது. செந்நிறத் தண்ணீர் புல்லுக்கிடையே புறப்படுகிறது. யாரும் வழி சொல்லவில்லை. பனைமரத்தருகே வளைய வேண்டிய இடத்தில் வளைகிறது. பாறையருகே ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்குகிறது. நேராக மண்டபச் சுவருக்கு வந்து முட்டி நின்றது. இடப்பக்கம் போய்ப் பார்த்தது. வலப்பக்கம் போய்ப் பார்த்தது. தன் வீட்டுக் கதவிலேயே இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுகிற ஒரு பெண்ணைப் போல, சுவரைத் தடவித் தடவி நின்றது.

எனக்கு என்ன ஆயிற்று? நான் எந்தத் தரப்பு என்பதே மறந்துவிட்டது. ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் நிற்கும் இந்த மண் ஒரு காலத்தில் கடல்! பட்டா இல்லாத கடல், சிட்டா இல்லாத கடல். மீன்கள் நீந்திய இடத்தில் நாம் வேலி போட்டு, வழக்குப் போட்டு நிற்கிறோம். கமிஷனர் கேட்டார், "உங்க தரப்புல ஏதாச்சும் சொல்லணுமா சார்?" நான் சொன்னேன், "கொட பறக்குதும்மா. வேற ஒண்ணும் இல்ல."

தீர்ப்பு வந்தது. மண்டபத்தின் பின்சுவரையும் அதை ஒட்டிய பகுதியையும் இடித்து, வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும். கட்சியின் வேட்பாளர் பட்டியலும் வந்தது. அதில் முத்தமிழ்செல்வன் பெயர் இல்லை. இந்த மேடையில் அவருக்கு நாற்காலி இருக்கிறது, சட்டசபையில் இல்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட்டிலிருந்து அமீனா புறப்பட்டுப் போன அன்று, நானும் சிந்தாமணி அம்மையாரும் கோர்ட்டில் வேறொரு வழக்கில் எதிரெதிரே வாதாடக் காத்திருக்கிறோம். அங்கே மண்டபத்தின் முன்னே நூறு கொடி. "அண்ணன் பேரு இருக்கற மண்டபம்! யாரு கை வெக்கிறான்னு பாத்துடுவோம்!" போலீஸ் ஒரு பக்கம், பொக்லைன் ஒரு பக்கம், நடுவிலே அமீனா நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் தலைவரின் கார் வந்து நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ ஓடிவந்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் சுவர் நிற்கும். அவர் ஒரு சொல் சொன்னால் ஊர் எரியும்.

தலைவர் கல்வெட்டைப் பார்த்தார். தன் பெயரை ஒருமுறை படித்தார். இரண்டே இரண்டு சொல் சொன்னார்.

"வழி விடுங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அவர் போகிற இடமெல்லாம் அவருக்கு முன்னே ஓடி, தொண்டர்கள் மற்றவர்களைப் பார்த்துக் கத்துகிற வார்த்தை அது. முதல் தடவையாக அவர்களே அதற்குக் கட்டுப்பட்டு ஒதுங்கினார்கள். கைதட்டுங்கள், இப்போது கைதட்டுங்கள்! இந்தக் கைதட்டலை எந்தத் தேர்தல் தரும்? எந்தப் பதவி தரும்?

கோர்ட்டில் எனக்குப் போன் வந்தது. ராசாங்கம்தான் பேசினார். அழுகிறாரா, சிரிக்கிறாரா, தெரியவில்லை. கேட்டதை அப்படியே சிந்தாமணி அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். "வேற எதுவும் பேசலயா அவரு?" என்றார். "ரெண்டு வார்த்தைதாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். கனவு காண்பது என் வேலை, அன்றைக்கு அவர் கண்டார். எங்கள் வழக்கு அழைக்கப்பட்டது. அவர் எழுந்தார். எந்த வழக்கிலும் தனக்காக வாய்தா கேட்டறியாத அந்த வாய் சொன்னது:

"கனம் கோர்ட்டார் அவர்களே, எனக்கு ஒரு வாய்தா வேண்டும்."

நீதிபதி அம்மையாருக்கே ஆச்சரியம். "காரணம்?"

"வீட்டுக்குப் போகணும்."

என் பக்கம் திரும்பினார் நீதிபதி. "எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?"

அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் அன்பர்களே, என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த வாதம்.

"ஆட்சேபணை இல்லை."

இந்த நல்வாய்ப்பைத் தந்த அவைத் தலைவி அவர்களுக்கும், தோற்றவன் பேச்சைத் தூங்காமல் கேட்ட உங்களுக்கும் நெஞ்சாரக் கைகூப்பி அமர்கிறேன். தலைவருக்கு மைக்கைக் கொடுங்கள். இரண்டு சொல்லோடு நிறுத்தமாட்டார், தெரியும். பேசட்டும், வணக்கம்!