பதினெட்டாம் அத்தியாயம் வரை

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் குறைவு, இன்ஸ்பெக்டர். குற்றமாகச் சொல்லவில்லை. தொழில் பழக்கம். எதை வாயில் வைத்தாலும், எதைக் கையில் எடுத்தாலும் ஒரு மதிப்புரை தானாக எழுந்து வந்துவிடுகிறது. உங்கள் நிலையத்தின் இந்த பெஞ்சைப் பற்றிக்கூட எனக்கு ஒரு கருத்து உண்டு. கேட்டால் சொல்கிறேன்.

பெயர் சைப்ரியன் ஒனுவோரா. ஓவெரியில் பத்திரிகைக்கு எழுதுகிறேன், வானொலியில் எழுத்தாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறேன். இந்தப் பக்கத்தில் யார் புத்தகம் போட்டாலும் வெளியீட்டுக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். முறை உங்களுக்கே தெரியும். வரவேற்புக்குக் கோலாக் கொட்டை உடைத்து, ஜெபம் முடிந்ததும் முதலில் மதிப்புரையாளர் எழுந்திருப்பார். அவருக்குப் பிறகுதான் ஆசிரியர் பேசலாம். கடைசியில் முதல் பிரதி வாங்க வந்த பெரிய மனிதர் எழுந்து தொகை சொல்வார். அந்தத் தொகை என் பேச்சைப் பொறுத்தது. போகும்போது ஒரு சேவலும் நாலு கிழங்கும் காரில் ஏற்றிவிடுவார்கள். மரியாதையான வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தப் புத்தகத்தையும் கடைசி வரை படிப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் முக்கால் பானை பதம் பார்க்கிறவன். முக்கால்வாசியில் பிடிபடாத ஆசிரியன் கடைசியிலும் பிடிபடப்போவதில்லை. முடிவு என்பது எல்லோரும் அவசரமாக எழுதுவது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் கண்டுபிடித்துக் கேட்டதில்லை.

உசோண்டு எஜிம் கேட்டான்.

அமோகுரு ஊர்ப் பள்ளியில் வாத்தியார். சின்ன வயசு. 'சதுப்புப் பாதை' அவனுடைய முதல் நாவல், இருபத்திரண்டு அத்தியாயம். நன்றாக எழுதியிருந்தான் என்பதை நான் மறைக்கவில்லை, என் மதிப்புரையிலும் மறைக்கவில்லை. நம் உள்நாட்டுப் போர்க்காலக் கதை. எதிர்ப்படை ஊருக்குள் வர முடியாமல் சதுப்புக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. யாரோ வழி காட்டுகிறார்கள். படை பின்பக்கமாக வந்து, சந்தைக் கொட்டகையை, உள்ளே ஒளிந்திருந்தவர்களோடு சேர்த்துக் கொளுத்துகிறது. இது அமோகுருவில் நடந்ததுதான். போர் முடிந்து பதினாலு வருஷம் ஆகியும் வழி காட்டியது யார் என்று அந்த ஊருக்குத் தெரியாது. காட்டிக்கொடுத்தவனுக்கு நாம் சாபோ என்று பேர் வைத்திருந்தோமே, அந்தப் பேர் ஒருவன்மேல் ஒட்டினால் அவன் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

நாவலில் ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவன் வருகிறான். இடது கால் விந்தல். சதுப்பில் மீன் பிடித்துப் பழகியவன், வழி தெரிந்தவன். ஊரே பட்டினியில் சாகும்போது அவன் கொட்டகையில் படைக்காரர்களின் பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் அதை ஒருத்தி பார்த்துவிடுகிறாள். நான் அங்கே புத்தகத்தை மூடினேன். போதுமானதாக இருந்தது.

அமோகுருவில் இடது கால் விந்தி நடக்கும் சைக்கிள்காரர் ஒருவர்தான். சில்வானஸ். ஊரில் அவரைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இருந்ததாம். ஆனால் முணுமுணுப்பை நம்பி யாரும் கை நீட்டவில்லை. டியூபுக்கு ஒட்டுப் போட அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

வெளியீட்டுக்கு முந்தின புதன்கிழமை உசோண்டுவை வானொலிக்குக் கூப்பிட்டேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த சைக்கிள்காரன் யார் என்று கேட்டேன். நியாயமான கேள்வி, நேயர்களுக்குப் பிடிக்கும். அவன் மெதுவாகத் திருப்பிக் கேட்டான்.

"ஐயா, புத்தகத்த கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கிறிஸ்டஃபர் சிரித்துவிட்டான். நாடாவில் அது விழவில்லை, ஆனால் நான் பார்த்தேன். நிறுத்தச் சொன்னேன். கிறிஸ்டஃபர் வாயைத் துடைத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார், பையன் கேட்ட விதம் அப்படி" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரைக்கும் போயிருந்தது. தட்டைக் கழுவுகிறவள்கூட என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. செருப்பால் அடித்த மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. அப்படித்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அதற்குப் பிறகு மீதி நாலு அத்தியாயங்களைப் படித்திருக்கலாம் என்பீர்கள். ஒரு பையன் சவால் விட்டான் என்பதற்காகப் படிப்பது எப்படி? மீதமிருந்த இரண்டு நாளும் உட்கார்ந்து மதிப்புரையை எழுதினேன், தட்டச்சு செய்தேன். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். நாவல் ஒரு குற்றவாளியைச் சுற்றி எப்படி மெல்ல மெல்ல வட்டம் போடுகிறது என்று காட்டியிருந்தேன். ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டேன்.

வெளியீட்டு நாள், சனிக்கிழமை காலை, அமோகுரு விருந்தினர் விடுதியில் பயறு வடையும் கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வடை நன்றாகவே இருந்தது, உப்பு சரியாக இருந்தது. உசோண்டு வந்தான். புதுச் சட்டை, தூங்காத கண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் பிரித்து வைத்திருந்தான்.

"ஐயா, நீங்க அவர் பேரச் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருக்கு" என்றான். "வழி காட்டினது பெரியவர் சில்வானஸ் இல்ல. நான்தான்."

நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அப்ப ஒன்பது வயசு. அவர்கூட மீன் பிடிக்கப் போய்ப் போய் எனக்கும் வழி அத்துப்படி. பசி தாங்கல ஐயா. ஒரு டின் பிஸ்கட் குடுத்தாங்க, கூட்டிட்டுப் போயிட்டேன். என் கையில டின்னப் பார்த்ததும் அவர் பிடுங்கித் தன் கொட்டகையில ஒளிச்சு வெச்சார். வாயத் திறந்தா கொன்னுடுவேன்னு என்னை மிரட்டினார். ஊர் அவரச் சந்தேகப்பட்டப்பவும் அவர் வாயத் திறக்கல. எல்லாம் கடைசி அத்தியாயத்துல இருக்கு. இன்னைக்கு உங்க பேச்சு முடிஞ்சதும் அத நானே வாசிக்கப்போறேன். அவர முன்வரிசையில உக்கார வெச்சு, எல்லார் முன்னாடியும் அவர் கால்ல விழப்போறேன். அதுக்காகத்தான் இந்தப் புத்தகமே."

"ஊர் உன்னை விட்டுவிடுமா?" என்று கேட்டேன்.

"என்ன வேணா செய்யட்டும். இந்தப் பத்துப் பக்கத்தப் படிச்சிடுங்க ஐயா. கால் மணி நேரம் போதும்."

பார்க்கலாம் தம்பி என்றேன். அவன் புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனான். நான் அதன்மேல் தட்டை வைத்தேன்.

இங்கே ஒரு கொள்கை இருக்கிறது, இன்ஸ்பெக்டர். ஆசிரியன் வாயால் சொல்வதெல்லாம் புத்தகம் ஆகிவிடாது. விமர்சகன் பக்கங்களை மட்டும்தான் நம்ப வேண்டும். ஆசிரியர்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அதோடு என் மதிப்புரை தட்டச்சாகி, பத்திரிகைக்கும் போய்விட்டது. அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடிய நிலையில் நான் இல்லை.

மண்டப வாசலில் என் பையை வாங்கிக்கொள்ள ஒரு கிழவர் விந்தி விந்தி வந்தார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். விரல் நகங்களில் மட்டும் கறுப்பு போகவில்லை.

"வாங்க ஐயா. நம்ம பையன் ஏதோ பெருசா எழுதியிருக்கானாம். நல்லாருக்கா?"

நன்றாக எழுதியிருக்கிறான் என்றேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. பெற்ற பிள்ளையைப் புகழ்ந்தால்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முன்னாடி வேற உக்காத்தி வெச்சிருக்கான், முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்காகக் கொஞ்சம் நம்ம பாஷையிலயும் சொல்லுங்க ஐயா."

சரி என்றேன்.

முதல் பிரதி வாங்க வந்திருந்தவர் சீஃப் அனோசிகே. லாரிகள் வைத்திருப்பவர். அவருடைய டிரைவர்களும் கிளீனர்களும் பின்வரிசை முழுக்க இருந்தார்கள். சந்தைக் கொட்டகையில் எரிந்தவர்களில் அவருடைய தாயும் இரண்டு தங்கைகளும் உண்டு. இது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அழைப்பிதழோடு வந்த குறிப்பில் இருந்தது.

என்னை அழைத்தார்கள். எழுந்தேன், படித்தேன். மண்டபம் மரியாதையாகக் கேட்டது. பாதிப் பேருக்குப் புரியவில்லை, அதனால் நல்ல அமைதி. உசோண்டு மேடையில் என் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக நான் திருப்பும்போதும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சைக்கிள்காரன் பாத்திரத்தைப் பற்றிய கடைசிப் பத்தி வந்தது. அதில் பெயர் இல்லை. பெயரை நான் தட்டச்சு செய்யவில்லை, அது என் நடைக்கு ஒத்து வராது. பத்திரிகைக்குப் போன பிரதியிலும் கிடையாது, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்தியை முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். முன்வரிசையில் கிழவர் எனக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் எங்கள் இக்போ மொழியில் சொன்னேன். "இந்த ஊரை விற்றவன் யார் என்று பதினாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை எழுதியிருக்கிறான். சில்வானஸ். இதோ உட்கார்ந்திருக்கிறார்."

நிதானமாகத்தான் சொன்னேன். மைக் நன்றாக வேலை செய்தது.

உசோண்டு பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்தான். நிகழ்ச்சியை நடத்தியவர் அவன் கையை விலக்கி, "தம்பி, உன் முறை இன்னும் வரல, உக்காரு" என்றார். அவர்மேல் தப்பில்லை, வரிசை அப்படித்தான். அவன் மைக் இல்லாமலே, நான்தான், நான்தான் என்று கத்தினான். நாற்காலிகள் விழும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சீஃப் அனோசிகே எழுந்து நின்று பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். கிழவரை வெளியே சாமியானாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் யாரையும் திட்டவில்லை, மறுக்கவும் இல்லை. உசோண்டுவைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்பதுபோல விரலை உதட்டில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

நான் ஒரு விரலைக்கூட உயர்த்தவில்லை. மேடையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதையாவது உணர்ந்தீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். தண்ணீர் கேட்டேன், யாரும் கொண்டு வரவில்லை. அதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடிய நிலையில் இல்லை என்று சற்று முன் சொன்னேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். சேர்த்தேன். பையன் காலையில் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், அப்படிப் பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. தெரிந்துதான் சேர்த்தேன். கிழவர் நம் பாஷையில் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் புத்தகத்தைத் தள்ளித் தள்ளி என் பக்கம் நகர்த்துகிறீர்கள். வேண்டாம். பதினெட்டாம் அத்தியாயம் வரை எடுத்துக்கொண்டால், என் மதிப்புரையில் ஒரு பிழையும் இல்லை.