போத்தலின் மேல் ஒட்டிய பெயர்

சபைத் தலைவர் அவர்களே! முன்வரிசைக் கதிரைகளில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தைகளோடு வத்தேகமையிலிருந்தும் அலவத்துகொடையிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! என் வகுப்புத் தோழியரே! அன்னலட்சுமியின் வணக்கம். நடந்ததைக் கூட்டாமல், குறைக்காமல், மறைக்காமல் சொல்வேன். சொன்னதை என் தோழி பஸீஹா அப்படியே கொப்பியில் எழுதி வைப்பாள்.

எனக்குத் தந்த தலைப்பு ‘பெண்ணுக்கு அடக்கம்’. நான் பேசப்போவது அமிலம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த பள்ளித் தவணை முதல் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் வேண்டாம், தையல் போதும் என்று இன்று இங்கே தீர்மானம் வருகிறது. இரசாயனம் படித்து என் தோழி றலியா வாயாடி ஆகிவிட்டாளாம்!

அவள் படித்தது என்ன? பெயர் வைக்கும் விதி. கந்தகத்தின் அமிலங்கள் இரண்டைப் பாருங்கள். பிராணவாயு கூடினால் சல்பியூரிக், குறைந்தால் சல்பியூரஸ். ‘இக்’ என்றால் கூடுதல், ‘அஸ்’ என்றால் குறைவு. பாதரசத்துக்கும் அதே முறை. குளோரீன் குறைவாய்ச் சேர்ந்தது மெர்க்குரஸ் குளோரைட். அது குடற்புழுவுக்கு மருந்து. கூடுதலாய்ச் சேர்ந்தது மெர்க்குரிக் குளோரைட். அது கொடிய நஞ்சு!

சென்ற மாதம் றலியாவின் தம்பிக்கு வயிற்றில் புழு. தகப்பனார் ஜனாப் ஹபீல் அவர்கள் கண்டியில் ஒரு கடையில் மருந்து வாங்கிவந்தார். வெள்ளைத் தூளைத் தேனில் குழைத்தாயிற்று. கரண்டி பிள்ளையின் வாயருகே போயிற்று. றலியா போத்தலைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த பெயரை வாசித்தாள்: மெர்க்குரிக் குளோரைட்.

“வாப்பா, வாணாம்! குடுக்க வாணாம்! இது ‘இக்’!”

இருவரும் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் என்ன சொன்னார்?

“ரெண்டும் பாதரசந்தானே, ரெண்டும் வெள்ளத் தூள்தானே! பள்ளிக்கூடத்துப் புள்ள எனக்குக் கடை நடத்தச் சொல்லித் தருதோ?”

ஆஸ்பத்திரி டாக்டர் தூளைப் பார்த்தார். அது நஞ்சேதான் என்றார். அந்தத் தம்பி இதோ, மூன்றாம் வரிசையில், உம்மாவின் மடியில் பிஸ்கட் தின்கிறான்!

கடைக்காரர் யார்? இந்த மண்டபத்துக்கு மின்விளக்குப் போட்டுத் தந்த கணபதி முதலாளி அவர்கள். தீர்மானத்தைக் கொண்டு வருபவரும் அவரே!

“உக்காரு, புள்ள!” என்கிறீர்களா, முதலாளி ஐயா? உட்காரமாட்டேன். விளக்குக்கு நன்றி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம். வகுப்பை மூடலாம், படித்ததை எங்கள் தலையிலிருந்து எடுக்க எந்தத் தீர்மானத்தால் முடியும்? தவறான போத்தலைக் கொடுத்த கைக்கு ஒரு கண்டனச் சொல் கிடையாது; அதைக் கண்டுபிடித்த கண்ணுக்கா தண்டனை?

தாய்மார்களே! பிள்ளையின் வாயில் ஊற்றுவது மருந்தா, நஞ்சா என்று வாசிக்கத் தெரிந்த மகள் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எழுந்து நில்லுங்கள்!

றலியாவின் உம்மா எழுந்துவிட்டார். பக்கத்தில் வேலாயி அக்கா. அடுத்த வரிசையும்! முதலாளி ஐயா, எங்கே போகிறீர்கள்? சுவிச்சுப் பக்கமா? தலைகளை எண்ணிவிட்டுப் போங்கள்!

தலைவர் அவர்களே, மணி அடிக்காமல் கேட்டிருந்தமைக்கு நன்றி. நிற்கின்ற அனைவருக்கும் வணக்கம். குறிப்பு எழுதும் பஸீஹா, இதையும் எழுது: தாய்மார்கள் நின்றுகொண்டிருக்கையில் விளக்குகள் அணைக்கப்பட்டன.