பச்சை டிக்

— ரிப்போர்ட்ல வேற எதை வேணும்னாலும் எடுங்கண்ணே. யார் யார் மெயிலைத் திறந்தாங்கன்னு காட்டுற அந்தக் கட்டத்தை மட்டும் தூக்கிடாதீங்க.

— முதல்ல கதவைச் சாத்தும்மா, ஏசி காத்தெல்லாம் வெளிய போகுது. மேனேஜர் மீட்டிங்ல சொன்னப்ப நீயும்தானே உட்கார்ந்திருந்த? அங்க வாயையே திறக்கல. இப்ப இங்க வந்து நிக்கிற.

— அத்தனை பேர் முன்னாடி என்னன்னு சொல்றது?

— கேளு. நாம விக்கிறது மெத்தை. வித்துச்சா இல்லையான்னு பார்த்தா போதாதா? எவன் விளம்பரத்தைத் திறந்தான்னு காட்டுற கணக்கு இப்பல்லாம் சுத்தப் பொய். பொய்யை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?

— நீங்க பொய்ங்கிறீங்க. நான் தினமும் வந்ததும் வராததுமா அதைத்தான் பார்க்கிறேன்.

— எழுதுறவளுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். நான் எழுதினதை இத்தனை பேர் படிச்சாங்கன்னு...

— இத்தனை பேர் இல்லண்ணே. ஒருத்தன். ஒரே ஒரு பேரைத்தான் பார்க்கிறேன்.

— அடடே. அப்படிப் போகுதா கதை? யாரும்மா மாப்பிள்ளை?

— என் தம்பிண்ணே.

— தம்பியா? அவன்தான் வெளியூர்ல வேலையில இருக்கான்னு சொன்னியே.

— எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். மழை ஆரம்பிச்சப்ப வீட்டை விட்டுப் போனவன். இருந்த வேலையையும் விட்டுட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்துச்சோ, நீ இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். தட்டைத் தள்ளி வச்சிட்டு எழுந்து போனான். அன்னையில இருந்து கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னே வருது.

— ஐயோ பாவமே. சரி, அதுக்கும் நம்ம கட்டத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?

— நம்ம வாடிக்கையாளர் லிஸ்ட்ல அவனையும் சேர்த்துவிட்டேன். என் பேர்ல போனா திறக்க மாட்டான், ரோஷக்காரன். கடை விளம்பரம்னா சும்மா கிடக்கும்போதாவது திறப்பான்ல?

— இரு இரு. அப்ப அந்த 'கோபம் போதும், வீட்டுக்கு வந்து படு'ங்கிற விளம்பரம்...

— அவனுக்கு எழுதினதுதான்.

— அடிப்பாவி! வாடிக்கையாளரைப் போய் 'வா'ன்னு கூப்பிடுறியேன்னு கேட்டதுக்கு, இப்பல்லாம் இதுதாண்ணே ஸ்டைலுன்னு சொன்னியே. மெத்தை பிச்சுக்கிட்டுப் போச்சு. மேனேஜர் அதை ஃபிரேம் போட்டு ரூம்ல மாட்டியிருக்கார்.

— 'உன் தலையணை அப்படியே இருக்கு.' 'எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறப்போம்.' எல்லாமே அவனுக்குத்தான். முன்ன பின்ன தெரியாதவங்கல்லாம் படிச்சிட்டு மெத்தை வாங்கினாங்க. அவன் மட்டும் வரல. ஆனா திறக்கிறாண்ணே! ஒண்ணு விடாம திறக்கிறான். மறுநாள் வந்து பார்த்தா அவன் பேருக்கு நேரா பச்சை டிக் விழுந்திருக்கும். அதைப் போய் சொன்னாத்தான் அம்மா சோத்துல கை வைப்பாங்க.

— உட்காரும்மா.

— பரவால்ல, நிக்கிறேன்.

— உட்காருன்னு சொன்னேன். கேளு. நம்ம மெயில்ல கண்ணுக்குத் தெரியாம ஒரு பொடிப் படம் ஒளிச்சு வைக்கிறோம்ல? ஆள் மெயிலைத் திறந்தா, அந்தப் படத்தைக் குடுன்னு அவன் போன் நம்ம சர்வர்கிட்ட கேக்கும். கேட்டா டிக். அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற வேலைதான். அது கூடாதுன்னுதான் மெயில் ஆப் நடத்துறவங்க இப்ப ஒரு திரையைப் போட்டுட்டாங்க. மெயில் வந்து இறங்கினதுமே, ஆள் தொடுறதுக்கு முன்னாடியே, அவங்க மிஷினே எல்லாப் படத்தையும் அள்ளிட்டுப் போயிடுது. நமக்கு திறந்த மாதிரியே தெரியும். நிஜமா திறந்தானா இல்லையான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

— அவன் அதையெல்லாம் ஆன் பண்ணி வச்சிருக்க மாட்டான்.

— இங்க வந்து பாரு. இது யார் பேரு?

— நம்ம வாட்ச்மேன் பெரியவர்.

— அவர் சாவுக்கு நீயும் நானும்தானே போயிட்டு வந்தோம்? அதுக்கப்புறம் திங்கக்கிழமை அனுப்பின மெயிலைத் திறந்திருக்கார், பாரு. பச்சை டிக். அவர் போனை மகன் வச்சிருக்கான். கேட்டுட்டேன், மெயில் பக்கமே போனதில்லையாம்.

— என் தம்பிக்கும் அப்படித்தான்னு என்ன நிச்சயம்?

— லிங்க் எதையாவது அழுத்தியிருக்கானான்னு பார்ப்போம். அதுக்கு விரல் வேணும்ல? இந்தா, அவன் பேரு. ஒண்ணுகூட இல்லையேம்மா. ஒரு தடவைகூட இல்ல.

— படிச்சிட்டு மூடி வச்சிருப்பான்.

— இருக்கலாம். இல்லைன்னு நான் சொல்ல வரல.

— இருங்கண்ணே. அந்த மிஷின் வந்து படத்தை எடுக்கணும்னா, போன் உயிரோட இருக்கணும்ல?

— ஆமா. சார்ஜ்ல இருக்கணும், வைஃபை இருக்கணும். அணைஞ்சு கிடக்கிற போனுக்கு மெயிலே இறங்காதே.

— அப்ப சார்ஜ் போடுறான்! சிம்மைக் கழட்டிப் போட்டுட்டு எங்கயோ ஒரு ரூம்ல உட்கார்ந்து எவன்கிட்டயோ வைஃபை வாங்கி சார்ஜ் போடுறாண்ணே! படிக்காட்டி போகட்டும், என் மூஞ்சியில முழிக்காட்டியும் போகட்டும். ஆள் இருக்கான்ல? வயித்துல பால் வார்த்தீங்க.

— ஏம்மா... அவன் மெயில் அந்தப் போன்ல மட்டும்தான் வருமா?

— பெரிய ஸ்க்ரீன் டேப் ஒண்ணு வச்சிருந்தான். அதுலயும் வரும். அதை எடுத்துட்டுப் போகல.

— இப்ப எங்க இருக்கு?

— அவன் கட்டில் மேலதான். அம்மா யாரையும் தொட விடமாட்டாங்க. வந்ததும் அதைத்தான் தேடுவான்னு தினமும் துடைச்சு...

— துடைச்சு?

— சார்ஜ் போட்டு வைப்பாங்க.

— உங்க வீட்டு வைஃபைலயா? என்னம்மா, ஏன் இப்படிப் பார்க்கிற? இந்தா, தண்ணியைக் குடி. குடிம்மா. கேளு, டேப்தான் டிக் போட்டுச்சுங்கிறதுக்காக அவனுக்கு எதுவும் ஆகிடுச்சுன்னு அர்த்தமா? எங்கயாவது நல்லாத்தான் இருப்பான். போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கீங்கல்ல?

— அம்மா அப்பவே குடுத்தாங்க.

— அப்புறம் என்ன? இப்பவே பர்மிஷன் போட்டுட்டுக் கிளம்பு, நானும் கூட வர்றேன். அங்க இருந்து இதுவரைக்கும் ஒரு தகவலும் வரலைதானே?

— போன மாசம் என் நம்பருக்குக் கூப்பிட்டாங்கண்ணே. ஆத்துல ஒரு பையன் உடம்பு ஒதுங்கியிருக்கு, வந்து அடையாளம் பாருங்க, யாரும் வரலைன்னா நாங்களே புதைச்சிடுவோம்னாங்க. எங்க பையன் நேத்துகூட மெயிலைத் திறந்திருக்கான், அது வேற யாரோன்னு சொல்லி போனை வச்சிட்டேன்.