ஆடிக்கு முன்னால் முடிக்க வேண்டிய அப்கிரேட்

“ஹலோ... ஜெயராஜ் அண்ணே, தாமரை பேசறேன். கட் பண்ணாதீங்க, எத்தனை தடவ அடிக்கிறது... தெரியும், கிள்ளான் கோயில்ல இருக்கீங்க. கொஞ்சம் வெளிய வாங்க... ஆமா. ஆமா, இப்பவேதான்.”

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் தாமரை நின்றபடியே பேசினாள். கம்பெனி நடத்தும் கிரிப்டோ நெட்வொர்க்கின் புது வெர்ஷனைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அதை வெளியிட நாள் குறிப்பது முதலாளி ஜெயராஜின் வேலை. அவர் அதைக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற மாதிரியே குறிப்பார்.

“பழைய வாலட்ட வச்சு டெஸ்ட் பண்ணினேன்... இல்ல, இன்னைக்குத்தான் முடிஞ்சது. நீங்கதான மூணு வாரத்த ஒரு வாரமாக்கினீங்க... நாளைக்கு ஆடி பொறக்குது, தெரியும்ணே. ஆடில எதையும் தொடங்க மாட்டீங்க, அதுவும் தெரியும்... கேளுங்க லா. அப்கிரேட் ஆனதும் பழைய வாலட்டுல உள்ள காயின் அப்படியே பூட்டிக்குது. கண்ணுக்குத் தெரியும், எடுக்க முடியாது... ஆறு தடவ பாத்துட்டேன்... இல்லண்ணே, மாறிருச்சுன்னா அப்புறம் யாராலயும் திறக்க முடியாது.”

“எத்தனை பேரா? நாலாயிரத்துக்கு மேல... கொஞ்சம் பேருதானா? அதுல எங்க குமுதாக்காவும் ஒருத்தி. செந்தூல்ல இருக்கா. இபிஎஃப் சேமிப்புல எடுத்தத முழுசா அதுலதான் போட்டிருக்கா... நான் வேலை செய்யற கம்பெனின்னு நம்பிப் போட்டா.”

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதால் அவர் தண்ணி குடிம்மா என்பார், பேச்சு திசைமாறிப் போகும், நேரமும் போகும்.

“நெட்வொர்க்க ஓட்டறவங்க குரூப்ல ‘நிறுத்துங்க’ன்னு ஒரே ஒரு மெசேஜ் போடுங்க. உங்க நம்பர்லேர்ந்துதான் போட முடியும்... இன்வெஸ்டர்ஸ் முன்னால அசிங்கமா இருக்குமா? ஒரு மாசம் தள்ளி ஆவணில வச்சுக்கலாம்ணே. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, ரெண்டு மணிக்குத்தான மாறும்... என்ன? என்ன சொன்னீங்க?”

“...ராகு காலமா?... சரி, இன்னைக்கு வியாழக்கிழமை, ஒன்னரைக்குத் தொடங்குது, அதுக்கு... காலைலயே நேரத்த மாத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டீங்களா? எனக்கு ஏன் சொல்லல?... எத்தனை மணிக்கு வச்சீங்க?”

அவளுடைய திரை இன்னும் பழைய நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது.

“ஒரு மணிக்கே மாறிருச்சு... ம்... ம்... இல்ல, இப்ப மெசேஜ் போட்டு ஒன்னும் ஆகாது... எனக்குக் கோபம் இல்லண்ணே. உக்காந்துக்கறேன், அவ்வளவுதான்... அறிக்கையா? நான் எழுத மாட்டேன். டெஸ்ட்ல பாஸ்னு எம்பேர் போட்டு எதுவும் வரக்கூடாது.”

“இருங்க, இன்னொரு கால் வருது... எங்க அக்காதான்... இல்லண்ணே. சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, நாளைக்கு வந்துரும்னெல்லாம் அவகிட்ட சொல்ல முடியாது. அவ உங்க காயின நம்பல, என்னத்தான் நம்பினா... வைக்கிறேன்.”

ஜெயராஜ் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாமரை அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு அக்காவின் அழைப்பை எடுத்தாள்.