சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் தொடாதே

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். கீழே கட்டிப் போட்டிருக்கிற அந்த நாய்க்கு யாராவது தண்ணீர் வைத்தார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். பிப்ரவரி கோடை வெயிலில் வாயில்லா ஜீவன் தவித்துப் போய்விடும். பெயர் மினிஸ்ட்ரோ. மந்திரி என்ற பெயருக்கேற்ற மாதிரி எந்நேரமும் தூக்கம்தான், ஆனால் பாசக்காரன்.

சரி, டைப் அடியுங்கள். ஓஸ்வால்டோ பாரியோநுவேவோ, வயது ஐம்பத்துமூன்று. டெலிபோன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் புகார் பிரிவு. புவெனஸ் அயர்ஸில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். நான் ஒருவரையும் திருப்பித் திட்டியதில்லை. இதை விட்டுவிடாமல் அடியுங்கள், பின்னால் உதவும்.

அந்தப் பிரிவை மூடி ஒன்பது மாதம் சும்மா இருந்த பிறகுதான் இந்த ஸ்டார்ட்அப்பின் விளம்பரம் கண்ணில் பட்டது. போனைத் தட்டினால் உங்கள் நாயை நடத்திக்கொண்டு போக ஆள் வருவான். அவ்வளவுதான் தொழில். புகார் பிரிவுக்குத் தலைவர் வேண்டுமாம். எனக்கென்றே அடித்து வைத்த விளம்பரம் என்று என் மனைவி எல்வீரா சொன்னாள். சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

அதன் சி.இ.ஓ. லவுத்தாரோவுக்கு இருபத்தொன்பது வயது. முதல் இண்டர்வியூவுக்கு ஐம்பது நிமிஷம் தாமதமாக, ஸ்கூட்டரை ஆபீசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஊர் வழக்கப்படி கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, உட்காருவதற்குள் கேட்டார்: "நீ நாயா பொறந்திருந்தா எந்த வகை நாயா இருப்ப, தலைவா?"

வீட்டைக் காக்கிற நாட்டு நாய் என்றேன். "செம," என்று எதையோ குறித்துக்கொண்டார். பிறகு பார்த்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் என் எதிரே உட்கார்ந்து இருபது நிமிஷம் போனையே நோண்டினார். கடைசியில் தலையைத் தூக்கி, "பாஸாயிட்ட. இது பொறுமைக்கு வெச்ச டெஸ்ட்," என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. மூன்றாவது சுற்றில் தன் நாய் மினிஸ்ட்ரோவைச் சென்டெனாரியோ பூங்காவுக்கு நடத்திக் கொண்டுபோகச் சொன்னார். மூன்று மணி நேரம் நடந்தேன். திரும்பி வந்ததும் கட்டிப்பிடித்து, "நீ ஏற்கெனவே நம்ம வீட்டு ஆளு, தலைவா," என்றார்.

இந்த இடத்தில் ஒரு தப்பு நடந்தது. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். நம்ம வீட்டு ஆள் என்று ஒரு சி.இ.ஓ. சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"ஏ கிழவா, மூஞ்சி ஏன் பல்பு மாதிரி எரியுது?" என்றாள் எல்வீரா.

"கெடச்சிருச்சு," என்றேன்.

சமையலறையிலேயே என்னைப் பிடித்துச் சுற்றி ஆடினாள். ஒன்பது மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை, மேடம். அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள எவனால் முடியும்? மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சுற்று இருந்தால் ஆபீஸ், இல்லாவிட்டால் பூங்கா.

நான்காவது சுற்றுக்குக் குழுவோடு ஒட்டுகிறேனா என்று பார்க்க, பதினான்கு பேருக்கு எம்பனாடா கொண்டுவரச் சொன்னார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எல்வீரா கறியை அள்ளி அள்ளி வைத்துப் பொரித்துக் கொடுத்தாள். ஐந்தாவதாக முந்நூறு புகார்களுக்குப் பதில் எழுதினேன், வெறும் பயிற்சிக்கு என்றார். அடுத்த வாரம் பூங்காவில் ஒரு அம்மாள் தன் போனைக் காட்டி, "எவ்வளவு தன்மையா எழுதியிருக்காங்க பாருங்க," என்றாள். என் எழுத்துதான். கீழே லவுத்தாரோவின் பெயர் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது சுற்றில் ஓஸ்வால்டோவான என்னை ஓர்லாண்டோ என்று கூப்பிட்டார். நானும் என்ன என்று கேட்டேன்.

இப்போது அந்தக் கண்ணாடி அறைக்கு வருகிறேன். ஆபீஸ் நடுவில் ஒரு கூண்டு மாதிரி நிற்கிறதே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. பழைய கட்டடம், தரை சரிவு, கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் வெளியே ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். முதலீட்டாளர்களிடம் பேசப் போகிறதை லவுத்தாரோ அதற்குள்தான் ஒத்திகை பார்ப்பார், கையை ஆட்டி, குதித்து, கண்ணாடியைத் தட்டி. போனை வெளியே கூடையில் போட்டுவிட்டுத்தான் போவார், கவனம் சிதறக் கூடாதாம். சிவப்பு விளக்கு எரிந்தால் கதவை யாரும் தொடக்கூடாது. ஒரு பையன் திறந்து, "சமையலறையில தீ," என்று சொன்னதற்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கார்னிவல் பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஏழாவது சுற்று. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நாலு நாள் லீவு. ஞாயிறு மத்தியானம் என் மைத்துனன் வீட்டில் எனக்காக அசாடோ. கறி சுட்டு, சொந்தக்காரர் அத்தனை பேரையும் கூப்பிட்டு, புது வேலையைக் கொண்டாட ஏற்பாடு. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு 'சரி' வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

லவுத்தாரோ வெந்நீர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டே வந்தார். "உன்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லு," என்றார்.

"இது ஏழாவது சுற்று," என்றேன்.

"அப்படியா? அதான் நானும் யோசிச்சேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். லீவு முடிஞ்சு பாப்போம். ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, ஓர்லாண்டோ. மினிஸ்ட்ரோவைக் கொஞ்சம் பாத்துக்க, நான் மலைப்பக்கம் போறேன், போனெல்லாம் எடுக்க மாட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

போனைக் கூடையில் போட்டுவிட்டு ஒத்திகைக்குப் போனார். கதவு வழக்கம்போலத் திறந்துகொண்டது. நான் போய்ச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். சிவப்பு விளக்கைப் போட்டேன். யாராக இருந்தாலும் செய்கிற உதவிதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் கையை ஆட்ட ஆரம்பித்தார். பிறகு குதித்தார். வரவேற்பில் இருக்கிற மிக்காயேலா கையில் மாத்தே டீயோடு வந்து நின்றாள். "இன்னைக்கு என்னமா பண்றாரு பாரேன்," என்றாள்.

"கண்ல தண்ணியே வருது. இப்படிக் கேட்டா எவன் பணம் போட மாட்டான்?" என்றான் இன்னொருவன்.

அவர் மண்டியிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடியை இரண்டு கையாலும் குத்தினார், இன்னும் பலமாகத் தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த ஆபீசில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. பிறகு ஒவ்வொருவராக முத்தம் கொடுத்து, நல்ல கார்னிவல் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். கடைசியாகப் போகிறவர் மெயினை அணைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. கடைசி ஆள் நான். அணைத்தேன். உள்ளே விசிறி நின்றது. கதவுக்கடியில் ஒரு நூல் இடைவெளி உண்டு, காற்றுக்குக் குறையில்லை. பிளாஸ்க்கும் அவரிடம்தான் இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஞாயிறு அசாடோ பிரமாதம். மைத்துனன் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி, "நம்ம அதிகாரிக்கு ஒரு கைதட்டு," என்றான். எல்வீரா அழுதுகொண்டே தட்டினாள். மினிஸ்ட்ரோவுக்கு விலா எலும்பு கிடைத்தது. அந்த நாய்க்கு நாலு நாளும் வேளைக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் வைத்தேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் நினைப்பு வரவில்லையா என்கிறீர்கள். வந்தது, மேடம். அவருக்கு யோசிக்க இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எட்டுக்கு முதல் ஆளாகப் போய் மெயினைப் போட்டேன், தாழ்ப்பாளைத் திறந்தேன். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க நாயா பொறந்திருந்தா எந்த வகை நாயா இருப்பீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

 இருபது நிமிஷம் காத்திருந்தேன். பிறகு உதடு அசைந்தது. "வேல... ஒனக்குத்தான்... தண்ணி."

என் காதால் கேட்டேன். எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் தாகத்தில் இருக்கிற மனுஷன் எதை வேண்டுமானாலும் சொல்வான் இல்லையா? அவசரத்தில் எடுக்கிற முடிவை வைத்து எல்வீராவை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. "நல்லா யோசிச்சு நிதானமாச் சொல்லுங்க," என்றேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சிவப்பு விளக்கைப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அவர் அசையவில்லை. "மலைக்குப் போய்ட்டு வந்து தியானம் பண்றாரு போல," என்றாள் மிக்காயேலா. யாரும் கதவைத் தொடவில்லை. நான் புகார் மேசையில் உட்கார்ந்து நாற்பது கடிதத்துக்குப் பதில் எழுதினேன், இந்தத் தடவை கீழே என் பெயரைப் போட்டு. பன்னிரண்டரை வரைக்கும் அப்படித்தான் போயிற்று. நான் கூட்டி வந்திருந்த மினிஸ்ட்ரோ மட்டும் விடவில்லை. கதவடியில் மூக்கை வைத்து ஊளையிட்டது, பிறாண்டியது. அந்த நாய்க்கு விதியெல்லாம் தெரியாது. கடைசியில் மிக்காயேலா பயந்து பயந்து தாழ்ப்பாளை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்கிறீர்கள். பரவாயில்லை, காத்திருப்பது எனக்குப் பழக்கம். வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், அன்றைக்குச் சொன்னது உறுதிதானா என்று. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? அப்புறம் மேடம், எல்வீரா போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த கையோடு இப்படி ஆபீசை விட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவாள்.